மருந்துப் புட்டியில் கஞ்சி

இரண்டு வாரமாக இந்தப் பத்தி வரவில்லை. நான் காலமாகிவிட்டேனா என்று பத்திராதிபருக்கு எழுதிக் கேட்ட வாசகர்களுக்கு நன்றி. அவர்களில் ஒருவர் என் தம்பி மகன். அவருடைய அக்கறை எனக்கு நன்றாகவே புரிகிறது.

காலமாகவில்லை. கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். காய்ச்சிய கஞ்சியை மருந்துப் புட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

சர்க்கார் பென்ஷன் வாங்குகிற ஒரு சப் ரிஜிஸ்திரார் செய்கிற வேலையா இது? நானும் அப்படித்தான் நினைத்தேன். சொல்கிறேன், கேளுங்கள்.

எனக்குப் பிள்ளை இல்லை. மனைவி போய்ச் சில வருஷமாயிற்று. தம்பி மக்கள் இருக்கிறார்கள் – திருநெல்வேலியில், என் வயலுக்கு எந்த மடையில் தண்ணீர் பாய்கிறது என்பதுவரை தெரிந்துவைத்துக்கொண்டு. என்னைப் போன்றவர்களுக்கு ஊரில் எல்லோரும் சொல்கிற யோசனை ஒன்றுதான். யாராவது ஒரு சொந்தக்காரனுக்குச் சொத்தை எழுதிக் கொடுத்துவிடு, கடைசிவரை அவன் சோறு போடுவான்.

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. அந்தப் பத்திரங்களைப் பதிவு செய்துதான் வயிறு வளர்த்தேன்.

பத்திரம் பதிகிற காலையில் கிழவர் வில்வண்டியில் வருவார். வண்டியில் மெத்தை போட்டிருக்கும். இறங்கும்போது ஒருவன் கையைப் பிடிப்பான், இன்னொருவன் குடை பிடிப்பான். எழுதிக் கொடுப்பது உம்முடைய சொந்த சம்மதத்தின் பேரில்தானா என்று நான் கேட்பேன். ஆமாம் என்று கிழவருக்கு முன்னால் மருமகன் பதில் சொல்வான். ரேகை வைத்து, சாட்சி போட்டு, முத்திரை குத்தி எல்லாம் முடிந்த பிறகு ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். வண்டியில் மருமகன் உட்கார்ந்திருப்பான். கிழவர் பின்னால் நடந்து போவார்.

சில மாதம் கழித்து அதே கிழவர் தனியாக வருவார். ரத்து செய்ய வேண்டும் என்பார். உயில் என்றால் மனம் போனபடி மாற்றி எழுதலாம். செட்டில்மெண்டு அப்படியில்லை – கொடுத்தால் கொடுத்ததுதான். இதை நான் சட்டப்படி விளக்கிச் சொல்வேன். அவர் காது கேட்காதவர்போல அங்கேயே நிற்பார். ஆபீஸ் மூடுகிற நேரம்வரைகூடச் சிலர் நின்றிருக்கிறார்கள்.

அதனால் என் முதுமைக்கு நான் வேறு ஏற்பாடு செய்தேன்.

சுந்தரமையர் ரிட்டையர்டு தாசில்தார். என் வயதுதான். ஒரே தாலுகாவில் அவர் வரி வசூலித்தார், நான் பத்திரம் பதிந்தேன். அவருக்கும் ஒருவரும் இல்லை. பிறந்த இரண்டும் தங்கவில்லை, மனைவியும் தவறிப்போனார். எங்கள் இருவருக்கும் பேசிக்கொள்ள நிறைய இருந்தது, பேசுவதற்கு வேறு ஆளும் இல்லை. அம்பாசமுத்திரத்தில் ஆற்றுக்குப் போகிற ரோட்டில் ஒட்டினாற்போல் இரண்டு வீடு காலியாக இருந்தது. அது அக்ரகாரமும் இல்லை, பிள்ளைமார் தெருவும் இல்லை. ஆளுக்கு ஒன்றாக வாடகைக்குப் பிடித்தோம். நடுச்சுவரை இடித்து ஒரு கதவு வைத்தோம். ஒருவர் படுத்தால் மற்றவர் பார்ப்பது – இதுதான் ஒப்பந்தம்.

பேசி முடிக்க ஒரு மாதம் ஆயிற்று. ஒரு தாசில்தாரும் ஒரு சப் ரிஜிஸ்திராரும் பேசியது ஒரு மாதத்தில் முடிந்ததே எனக்கு இன்றுவரை ஆச்சரியம். எதையும் நாங்கள் விடவில்லை. யாருக்குத் தந்தி அடிப்பது, யாருக்கு அடிக்கக் கூடாது. கடைசி மாதப் பென்ஷனுக்கு யார் யாருக்கு எழுதுவது. ஐப்பசி மழையில் போனால் விறகு ஈரமாக இருக்குமே என்று ஐயர்வாள் ஓர் ஆட்சேபம் எழுப்பினார். நியாயம்தான். இரண்டு பேருக்கும் காய்ந்த விறகு வாங்கிக் கொல்லைக் கொட்டகையில் தனித்தனியாக அடுக்கினோம். அவருடையது வடபுறம், என்னுடையது தென்புறம். சமையலுக்கு யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு.

சாவுக்கு முந்தின கட்டத்தை மட்டும் இருவருமே யோசிக்கவில்லை. காய்ச்சல் என்று ஒன்று வருமே, தொண்டை வறளுமே, அப்போது வாயில் தண்ணீர் ஊற்றுவது யார்?

ஏன் தோன்றவில்லை? எங்கள் பக்கத்தில் சாவுக்கு முறை உண்டு. யார் வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் தலை வைக்க வேண்டும் எல்லாம் வகுத்துவைத்திருக்கிறார்கள். காய்ச்சலுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. முறை இல்லாத விஷயம் உத்தியோகம் பார்த்தவன் கண்ணில் படவே படாது.

நடுவில் கதவு இருந்தாலும் அடுப்பு இரண்டு. அவர் வீட்டில் நான் சாப்பிடலாம், சாப்பிட்டும் இருக்கிறேன். என் வீட்டில் அவர் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். அவர் ஆசாரம் அப்படி. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. நானும் எல்லார் வீட்டிலும் கை நனைக்கிற ஆள் இல்லையே.

ஆனி பிறந்தது. சாரலும் வந்தது. அக்ரகாரத்துப் பெரிய வீட்டில் கல்யாணம். பெண் வீட்டார் செங்கோட்டையில் இருப்பதால் தெருவே ரயிலேறிவிட்டது. ஐயர்வாளின் சமையற்காரன் கிச்சாவையும் பந்திச் சமையலுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். ஐயர்வாளும் கிளம்பியிருக்க வேண்டியவர், உடம்பு கொஞ்சம் அசதியாக இருக்கிறது என்று தங்கிவிட்டார். நான்கு நாள் கல்யாணம், போக வர இரண்டு நாள். அதுவரை தானே பொங்கிச் சாப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னார். தாசில்தாராக இருந்தவர்களுக்குத் தங்களால் எது முடியும் என்பதில் சந்தேகமே வருவதில்லை.

அன்று சாயங்காலமே காய்ச்சல்.

லங்கணம் பரம ஔஷதம் என்று அவர் பட்டினி கிடந்தார். மறுநாளும் கிடந்தார். நான் பால் வாங்கிக் கொடுத்தேன், பாலுக்குத் தோஷம் இல்லையாம். குடித்த வேகத்தில் வெளியே வந்தது. இளநீர் வெட்டிக் கொடுத்தேன். சாரல் காலத்தில் சீதம் என்று தள்ளிவிட்டார். அவருடைய பானைத் தண்ணீரும் தீர்ந்தது. கிணற்றில் தானே இறைக்கிறேன் என்று எழுந்து போனவர், கிணற்றடியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை.

தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்தேன். தொடுவது பெரிய சங்கதி இல்லை, தேறிய பிறகு ஒரு முழுக்குப் போட்டால் தீர்ந்தது. வாய்க்குள் போவதுதான் சங்கதி. என் வீட்டுச் செம்பில் வெந்நீர் கொண்டுவந்து நீட்டினேன். அவர் செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

"வைராக்கியத்துல சொல்றேன்னு நினைக்காதேயும் ஓய்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இதைக் குடிச்சேன்னு தெருவுக்குத் தெரிஞ்சா, நாளைக்கு நான் போனா தூக்க நாலு பேர் வரமாட்டா. எனக்குன்னு வேற யார் இருக்கா?"

"நான் இருக்கேன்லா."

"நீர் தூக்குவீர் பிள்ளைவாள். தூக்கிண்டு எங்க போவீர்?"

ஆற்றங்கரையில் அவர்களுடைய இடம் வேறு, எங்களுடைய இடம் வேறு. அடுக்கிவைத்த விறகைக்கூட வேறொருவர்தான் அங்கே கொண்டுபோக வேண்டும். பிள்ளை குட்டி உள்ளவன் தெருவைக் கொஞ்சம் பகைத்துக்கொள்ளலாம், மகன் இழுத்துப் போட்டுச் செய்வான். யாரும் இல்லாதவனுக்குத் தெருதான் மகன். ஐயர்வாள் கணக்குத் தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கு அவரைக் கொன்றுகொண்டிருந்தது.

அக்ரகாரத்துக்கு ஓடினேன். வரிசையாகப் பூட்டு. ஒரே ஒரு வீடு திறந்திருந்தது. அங்கே இருந்தவர் பாரிசவாயு வந்து படுத்திருக்கிற ஒரு பெரியவர். கல்யாண வீட்டார் அவருக்காக விட்டுப்போன பலகாரத்தை என்னிடம் காட்டி, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னார். காய்ச்சல்காரனுக்கு முறுக்கு.

திரும்பி வரும் வழியில் ஒன்று உறைத்தது. அவர் போய்விட்டால் இந்த ஏற்பாட்டில் மீதி இருப்பது நான் ஒருவன். சுவரில் கதவு இருக்கும். அந்தப் பக்கம் ஆள் இருக்காது.

ஆஸ்பத்திரி டாக்டர் ஞானமுத்துவை அழைத்து வந்தேன். பாளையங்கோட்டை வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர், சின்ன வயது. நாக்கைப் பார்த்தார், நாடி பார்த்தார், மிக்ஸ்சர் கலக்கிக் கொண்டுவரச் செய்தார். ஐயர்வாள் மிக்ஸ்சரை வாங்கினார். பெருமாள் நாமம் மூன்றைச் சொன்னார். மடக்கென்று குடித்தார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவன் கலந்த மருந்து? ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் என்ன ஜாதி, எந்தப் பானைத் தண்ணீர் – ஒன்றும் தெரியாது. எந்த விதியின் கீழ் இவர் இதைக் குடிக்கிறார்? இப்படி ஒரு சந்தேகம் வந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அவரையே கேட்டேன்.

"மருந்துக்குத் தோஷம் இல்லை. சாஸ்திரமே விலக்குக் கொடுத்திருக்கு."

"எது மருந்துன்னு சாஸ்திரத்துல இருக்கா ஐயர்வாள்?"

அந்த நிலையிலும் அவருக்குள் இருந்த தாசில்தார் எழுந்து உட்கார்ந்தார். "வைத்தியன் எதை மருந்துங்கறானோ அது மருந்து" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டாக்டர் வாசலில் வண்டியில் ஏறப்போனார். பின்னாலேயே போய் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"மிக்ஸ்சர் காய்ச்சலுக்குத்தான் அண்ணாச்சி, பசிக்கு இல்ல" என்றார். "இப்படியே இன்னும் ஒருநாள் கிடந்தாருன்னா காய்ச்சல் விட்டுரும். ஆளும் போயிருவாரு. கஞ்சி உள்ள போகணும்."

"கஞ்சி மருந்தா டாக்டரே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்தக் கிழவருக்கும் காய்ச்சலோ என்று நினைத்திருப்பார். நான் விஷயத்தைச் சொன்னேன். ஐயர்வாள் சொன்ன தீர்ப்பையும் சொன்னேன். நான் கேட்பது ஆறுதலுக்காக இல்லை, ஒரு வைத்தியர் தம் உத்தியோக ஹோதாவில் கொடுக்கிற அபிப்பிராயம் வேண்டும் என்பதையும் தெளிவுபடுத்தினேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர் பெரிய பதவிக்கு வர வேண்டும். "இன்னைய தேதிக்கு இவருக்கு இதைவிட நல்ல மருந்து என் ஆஸ்பத்திரியில கிடையாது" என்றார். பிறகு கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "புட்டி ஒண்ணு அனுப்புதேன் அண்ணாச்சி. அதுல ஊத்திக் கொடுங்க."

அனுப்பினார். நீளமான கண்ணாடிப் புட்டி. வேளை அளவுக்குப் பல் பல்லாக வெட்டின காகிதம் பக்கவாட்டில் ஒட்டியிருந்தது. முன்பக்கத்துச் சீட்டில் அவர் கையெழுத்தில் 'வேளைக்கு இரண்டு அளவு. நன்றாகக் குலுக்கிச் சாப்பிடவும்.'

இனி மருந்து தயாரிக்க வேண்டியதுதான். என் சமையற்காரன் நாறும்புவைக் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டதும் அவன் அடுக்களையைவிட்டே வெளியே வந்துவிட்டான்.

"ஐயமாரு வாயில என் கைக் கஞ்சி போச்சுன்னா எனக்கு எந்தச் சென்மத்துல விமோசனம்?"

"போகலைன்னா அவரு செத்துப்போவாருலே."

"அது அவரு விதிய்யா. இது என் விதில்லா" என்றான். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. கோயிலுக்குப் போய்வருவதாகச் சொல்லி மேல்துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஆகவே, வாசகர்களே, நான் அடுப்பு மூட்டினேன். என் வாழ்நாளில் முதல் தடவை. அடுப்பு எரிய விறகு மட்டும் போதாது, ஊதவும் வேண்டும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. முதல் கஞ்சி அடிப்பிடித்தது. இரண்டாவது பார்க்க நன்றாக இருந்தது, புட்டிக்குள் போனது, வெளியே வர மறுத்துவிட்டது. தலைகீழாகப் பிடித்து அடியில் தட்டினேன். மருந்து இப்படி வராதே. ஒரு குச்சியால் நோண்டி எடுத்துக் கழுவி, மூன்றாவதை நீர்க்கக் காய்ச்சி, துவைத்த வேட்டித் துண்டில் வடிகட்டினேன். அளவுக் காகிதத்தின் மேல் கோடுவரை வந்து நின்றது. சத்தியமாக, நான் பதிந்த எந்தப் பத்திரத்தையும் இவ்வளவு பெருமையோடு பார்த்ததில்லை.

புட்டியை எடுத்துக்கொண்டு நடுக்கதவு வழியாகப் போனேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஐயர்வாள் சாப்பிட உட்கார்ந்தால் இலையைச் சுற்றி நீர் தெளித்து, மந்திரம் சொல்லி, உள்ளங்கையில் ஒரு வாய் நீர் உறிஞ்சிய பிறகுதான் சோற்றில் கை வைப்பார். மருந்துக்கு அதெல்லாம் கிடையாது. மூன்று நாமம், ஒரு மடக்கு. இன்றைக்கு எதைச் செய்யப்போகிறார்? நீர் தெளித்தால் அது சாப்பாடு. சாப்பாடு என்றால் புட்டி திரும்பி வந்துவிடும். நாமம் சொன்னால் பிழைத்தார். அவர் கை எங்கே போகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். சீட்டை வாசித்தார். பழைய பழக்கம் – ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்தார். காய்ச்சலில் எழுத்து ஆடியிருக்கும்.

"டாக்டர் சொன்ன மருந்தா?"

"டாக்டர் சொன்னதுதான்."

"கலந்தது யாரு?"

"கம்பவுண்டர்."

"எந்தக் கம்பவுண்டர்?"

"புதுசு. வயசானவன். இப்பத்தான் தொழில் பழகுதான்."

என் கையைப் பார்த்தார். விரல் நுனியில் சூடு பட்டுச் சிவந்திருந்தது, வேட்டியெல்லாம் கரி. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு கண்ணை மூடி நாமம் சொன்னார். முதல் நாமம், இரண்டாவது, மூன்றாவது. புட்டியைக் குலுக்கினார் – சீட்டில் போட்டிருக்கிறதே – அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். இரண்டு அளவு இறங்கியது. கொஞ்சம் மூச்சு விட்டார். இன்னும் இரண்டு அளவு இறங்கியது.

"உப்புக் கம்மி ஓய்" என்றார். "கம்பவுண்டர்ட்டச் சொல்லும்."

நான் என் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டேன். புகையில் கண் எரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் முடிந்து தெரு திரும்பி வருவதற்குள் ஐயர்வாள் சாய்ந்து உட்கார்கிற அளவுக்குத் தேறிவிட்டார். மருந்தும் தேறியது. கடைசி இரண்டு நாள் வடிகட்டுவதை விட்டேன், சீரகமும் போட்டேன்.

வந்த அன்றே சாஸ்திரிகள் பார்க்க வந்தார். அக்ரகாரத்தில் நல்லது பொல்லாது எல்லாவற்றையும் நடத்திவைக்கிறவர் அவர்தான். யார் வீட்டு வாசலில் யார் ஏறலாம் என்பதும் அவர் வாக்கில்தான் இருக்கிறது. ஐயர்வாள் சொன்ன அந்த நாலு பேர் வருவதும் வராததும் இவர் நாக்கில். கையில் கல்யாணத் தாம்பூலம். உட்கார்ந்தார், கல்யாணத்தில் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டதைச் சொன்னார், விசிறிக்காகத் திரும்பினார். ஜன்னலில் புட்டி இருந்தது.

நான் நடுக்கதவருகில் நின்றுகொண்டிருந்தேன். புட்டியை அலம்பவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அடியில் வெள்ளையாக மண்டி. கழுத்தில் ஒரு சோற்றுப் பருக்கை, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று ஒட்டிக்கொண்டிருந்தது. எத்தனை ஏற்பாடு, எவ்வளவு யோசனை. பருக்கையில் போய் மாட்டிக்கொண்டோம்.

சாஸ்திரிகள் புட்டியை எடுத்தார். சாய்த்துப் பார்த்தார். மூக்கருகில் கொண்டுபோனார்.

"டாக்டர் மருந்தோ?"

ஐயர்வாள் ஆமாம் என்றார். அந்தக் குரலில் தாசில்தார் இல்லை.

"போன வருஷம் மதுரை ஆஸ்பத்திரியில கிடந்தேனே, எனக்கும் இதே மருந்துதான் கொடுத்தா" என்றார் சாஸ்திரிகள். "அங்க ரெண்டு மிளகு தட்டிப் போட்டிருந்தா. வாய்க்கு நன்னா இருந்தது."

புட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார். விசிறியை எடுத்து ஐயர்வாளுக்கு நாலு வீசு வீசினார். மாப்பிள்ளை கோபத்தின் மிச்சத்தைச் சொல்லி முடித்தார். எழுந்து போகும்போது என் பக்கம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"பிள்ளைவாள், மருந்து தீர்ந்ததும் புட்டியை அலம்பி வையும். எல்லாரும் நானா இருக்கமாட்டா."

அவர் படியிறங்கிப் போனார். அப்புறம் ஐயர்வாள் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்தது, இருமலுக்கு நடுவிலும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கோயிலுக்குப் போனவன் அன்றைக்குத்தான் கோயிலில் இருந்து திரும்பினவன்போல நாறும்பு எட்டிப் பார்த்து, எசமான்களுக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தான். ஒன்றும் ஆகவில்லை என்றேன். உண்மை. ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் எவ்வளவு பெரிய விஷயம்.

பிள்ளை இல்லாதவர்கள் கடைசிக் காலத்துக்கு எந்த மாதிரிப் பத்திரம் எழுதுவது உத்தமம் என்று வாசகர்கள் அடிக்கடி என்னைக் கேட்கிறார்கள். உயிலா, செட்டில்மெண்டா, சுவீகாரமா? ஒவ்வொன்றிலும் உள்ள சாதக பாதகங்களை நான் பக்கம் பக்கமாக எழுதியும் இருக்கிறேன். எழுதினது தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். உங்களுக்குக் கஞ்சி தருகிறவர் யார் என்று தேடுவதோடு, அவர் தந்தால் உங்களால் வாங்கிக் குடிக்க முடியுமா என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். திடமாக இருக்கும்போது பேச வேண்டிய பேச்சு அது. தொண்டை வறண்ட பிறகு பேச வராது.

ஊர் என்ன சொல்லும் என்ற பயமா? ஊருக்கு நாம் நினைப்பதைவிட நிறையத் தெரிந்திருக்கிறது. புட்டியை அலம்பி வைக்கிற மரியாதையைத்தான் அது எதிர்பார்க்கிறது. இது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பதிவுத் துறையில் இருந்தவன். எங்கள் வேலை பதிவதுதான், தீர்ப்புச் சொல்வது முன்சீபு கோர்ட்டில்.

நேற்று முற்பகல் ஐயர்வாள் வீட்டு அடுக்களையிலிருந்து கரும்புகை வந்தது. கிச்சா கடைத்தெருவுக்குப் போனதை நான் பார்த்திருந்தேன். பதறிப்போய் நடுக்கதவைத் தள்ளினேன். அடுப்புக்கு முன்னால் ஐயர்வாள் குந்தியிருந்தார். பூணூலெல்லாம் கரி, கண்ணில் நீர், கையில் ஊதுகுழல்.

என்ன காரியம் இது, இப்போதுதான் உடம்பு தேறியிருக்கிறது என்று சத்தம் போட்டேன்.

"நீர் ஒருநாள் படுப்பீரோன்னோ?" என்றார், திரும்பிப் பார்க்காமல். "அன்னைக்குக் கிச்சா இருப்பான்னு என்ன நிச்சயம்?"

ஒரு கரண்டி எடுத்து நீட்டினார். வாங்கிக் குடித்தேன். என் முதல் கஞ்சியைவிட மோசம். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் நம்பினார்.

அவர் கை தேறும்வரை நான் காய்ச்சலில் படுப்பதாக இல்லை.